கிட்டே போகும் சொற்கள்

நான் எடுக்கும் பாடங்களில் மாணவர்கள் அதிகம் முழிப்பது, ஒருவரை நெருங்கிப் போவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் வினைகளில்தான். நம்மிடமும் நெருங்குவது, அணுகுவது எல்லாம் உண்டு. ஆனால் பேச்சில் கிட்டே போனான், பக்கத்தில் வந்தாள் என்றால் காரியம் முடிந்தது. ஆங்கிலக்காரர்கள் அதோடு விடமாட்டார்கள். போ, வா, நட என்கிற சாதாரண வினைக்குப் பின்னால் ஒரு பொடிச்சொல்லை ஒட்டி, வருகிற ஆளின் உள்நோக்கத்தையே சொல்லிவிடுவார்கள். 'கம் ஓவர்' என்றால் உரிமையோடு இந்தப் பக்கம் வருவது. 'கம் அட்' என்றால் அடிக்க வருவது. 'க்ளோஸ் இன்' சுற்றி வளைப்பது. 'க்ரீப் அப் ஆன்' பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவது. எனக்குப் பிடித்தது 'வாக் அப் டு'. நேராக நடந்து போய், ஆளின் முன்னால் நின்று, வந்த விஷயத்தைச் சொல்வது.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் என் மாலை வகுப்பு. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்கள், நர்சிங் முடித்தவர்கள், வளைகுடாவுக்குப் பெட்டி கட்டும் காயல்பட்டினத்து இளைஞர்கள் என்று கலவையாக வருவார்கள். 'அப்' என்றால் மாடி ஏறணுமா மிஸ் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். நான் பொறுமைசாலி இல்லை. வாசலில் தயங்கி நிற்பவர்களைக் கண்டால் இன்னும் மோசம். "அங்கன நின்னுக்கிட்டு என்ன செய்யுதே? நேரா வந்து கேளு" என்று அதட்டுவேன். ஒவ்வொருவரையும் அறைக் கோடியிலிருந்து என் மேஜை வரை நடக்கவிட்டு, கண்ணைப் பார்த்துப் பேச வைத்தால்தான் எனக்குத் திருப்தி.

இந்த எரிச்சலின் ஊற்று எனக்குத் தெரியும். அப்பா மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அங்கே ஆபீசுக்கு ஒரு காரியமாகப் போகிறவர்கள் படியேற மாட்டார்கள். முற்றத்தில், உள்ளே இருப்பவர் கண்ணில் படுகிற தூரத்தில் நிற்பார்கள். அவர் நிமிர்ந்து பார்த்துக் கூப்பிட்ட பிறகுதான் கிட்டே போவார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை, அதுதான் மரியாதை என்று ஊறிப்போயிருந்தது. லீவு கேட்கப் போன அப்பா அப்படி மழையில் நின்றதைச் சின்ன வயதில் பார்த்தேன். உள்ளே இருந்தவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம், அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

அம்மா இறந்தபோது நான் கீழே விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டுவிட்டது. பஸ் ஓடி நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. தேயிலைக்கு மேலே, காட்டை ஒட்டிய சரிவில் என்றார்கள். மழையும் அட்டையுமாகக் கிடக்கிறது, இப்போது வேண்டாம் என்று என்னைப் போகவிடவில்லை. அடுத்த லீவில் பார்க்கலாம் என்று தொடங்கியது, கல்லூரி, வேலை, கல்யாணம் என்று தள்ளிக்கொண்டே போனது. அப்பா அங்கேதானே இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் கூட்டிப் போவார் என்ற தைரியம்.

பிறகு தோட்டத்தை மூடிவிட, ஆட்கள் எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தது. அப்பா மணிமுத்தாறு பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என்னோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "ஒனக்கு ஆயிரம் வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து, வகுப்புக்கு எதிரே பழக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா சொகமா இருக்காவளா டீச்சர்?" என்றார்.

"அப்பாவ ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"அன்னைக்கு வந்து இங்கனதான நின்னாவ. மேல பாடம் நடத்துதது எம் மவதான்னு சொன்னாவ. ஏறிப் போங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாவன்னு நானும் சொன்னேன். வேலையா இருக்கா, அவளே பாத்துக் கூப்பிடட்டும்னுட்டு ஜன்னலயே பாத்துக்கிட்டு நின்னாவ. பொறவு பஸ்ஸுக்கு நேரமாயிட்டுன்னு பைய போயிட்டாவ."

பழத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். என் மேஜை ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் கிடக்கிறது.

மறுநாள் மணிமுத்தாறுக்குப் போனேன். அப்பா மறைக்கவில்லை.

"சாமான் ஏத்த கடைசி வண்டி மேல போச்சு. ரெண்டு பேருக்கு எடம் இருந்துச்சு. வீட்டையும் ஒப்படைக்கணும். ஒன்னையும் கூட்டிட்டுப் போயி ஒங்க அம்மா இருக்க எடத்தக் காட்டிரலாம்னு வந்தேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லாப்பா?"

"போன்ல சொல்லுத காரியமா அது?"

"அப்ப மேல ஏறி வந்திருக்கலாம்லா?"

அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீ வேலையில இருந்தே. கூப்பிடாம எப்படிம்மா வர?"

அந்த மாஞ்சோலை ஆபீஸ் படிக்கட்டின் மேல் அப்பா தன் மனசில் என்னையும் உட்கார வைத்திருக்கிறார். ஊரார் பிள்ளைகளை எல்லாம் நேராக வந்து பேச வைத்தவளுக்கு, பெற்ற அப்பா எதிர்ச்சாரியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது தெரியவில்லை. அவர் மேல் கோபம் வந்தது. பிறகு அழுகைதான் வந்தது.

அந்த வண்டியில் அப்பா தனியாகவே போயிருக்கிறார். இடத்தைச் சுற்றிப் புல்லைச் செத்திச் சுத்தம் செய்துவிட்டு இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. இனி மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டேன். வனத்துறையில் அனுமதி வாங்கி, பிச்சிப்பூ கட்டி எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன்.

"தேயில முடியுத எடத்துல ஒரு ஒத்தையடிப் பாதை, அதுலயே போ, மூணு சில்வர் ஓக்கு மரம் சேந்து நிக்கும்" என்பதுதான் அப்பா சொன்ன அடையாளம். வெட்டிவிட ஆளில்லாமல் தேயிலை என் தலைக்கு மேல் வளர்ந்து கிடந்தது. பாதையைக் காணோம். பார்க்கிற பக்கமெல்லாம் சில்வர் ஓக். எது எந்த மூன்று? "யானை எறங்குத நேரம், கெளம்புங்கம்மா" என்று கூட வந்த வனக்காவலர் அவசரப்படுத்தினார். ஏதோ ஒரு மரத்தடியில் பூவை வைத்துவிட்டு இறங்கினேன்.

அப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்ப்பா."

"அன்னைக்கு ஒரு செம்பருத்திக் கம்பு ஊனிட்டு வந்தேன். வேரு பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குப்பா. பூத்துக் கெடக்கு."

"அதுக்குள்ள பூத்துட்டா!" என்று அப்பா சிரித்தார்.