நல்லம்மாள் கொடுத்த செல்

"பசிக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஹபீபா காலையில் இன்குபேட்டர் கதவைத் திறப்பார். உள்ளே தட்டையான குடுவைகளில் புற்றுநோய்ச் செல்கள். மேலே ஊற்றிய திரவம் ரோஸ் சிராப் நிறத்தில் இருந்தால் சௌக்கியம்; மஞ்சளாகிவிட்டால் தீனி தீர்ந்துவிட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். பெருநாளன்றுகூட புதுச் சுடிதாரின் மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றவர் அவர். "பிரியாணி ஆறினா சூடு பண்ணிக்கலாம். இதுங்க செத்தா எழுப்ப முடியாது."

அதிராம்பட்டினத்துக்காரர். மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவின் ஓர் ஆய்வகத்துக்கு வேலை விசாவில் வந்து எட்டு வருடமாகிறது. என்ன ஆராய்ச்சி என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் டாக்சிக்காரரும் தப்பமுடியாது. "அண்ணே, செங்கல்லுக்கு நடுவுல சிமெண்ட் இருக்குல்ல? அதுமாதிரி செல்லையும் செல்லையும் ஒட்டி வைக்கிற புரதம் ஒண்ணு. அது குறைஞ்சா செல்லு கழண்டு ஊர் சுத்தப் போயிடும். புத்துநோய் அப்படித்தான் பரவுது." இறங்கவேண்டிய பூச்சோங் வரும்வரை ஓயமாட்டார்.

இந்தச் செல்கள் கிள்ளானில் பள்ளிக் கேண்டீன் நடத்தும் நல்லம்மாளுடையவை. வெற்றிலை போட்டுப் போட்டுக் கன்னத்தில் கட்டி வந்தபோது, அறுவைக்கு முன் வார்டில் உட்கார்ந்து ஹபீபாதான் தமிழில் எல்லாம் விளக்கினார். "எடுத்துக்கோ லா, குப்பையில போடுறதத்தானே கேக்குற" என்று சொல்லிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார் நல்லம்மாள். பிழைத்தெழுந்தார். அதன்பின் போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வியே, "என் செல்லு எப்படி இருக்கு?" என்பதுதான். "உங்களவிட சுறுசுறுப்புக்கா" என்பார் ஹபீபா.

மூன்று வருட உழைப்பு கட்டுரையாகி, நல்லதோர் ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது. வேலை நீட்டிப்பு அதை நம்பித்தான் இருந்தது. யாரும் கேட்காமலே, மனம் நிறையட்டும் என்று செல்கள் யாருடையவை என்று உறுதிசெய்யும் அடையாளச் சோதனைக்கு அனுப்பினார். அறுவையன்று எடுத்துவைத்த நல்லம்மாளின் ரத்தத்தோடு அவை ஒத்துப்போகவில்லை. பக்கத்து மேசையில் வளர்ந்த, வேகமாகப் பெருகும் வேறொரு புற்றுச் செல் ஒரு துளியாக உள்ளே புகுந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். உறையவைத்த பழைய குப்பிகளிலும் வந்தவளே குடியிருந்தாள்.

குறிப்பேட்டைப் புரட்டினார். முதல் மாதம், நோன்புக் காலம். நோன்பு திறக்க ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், பக்கத்து மேசைச் செல்லுக்கும் நல்லம்மாளின் செல்லுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து திரவம் ஊற்றியிருக்கிறார். எழுத்து அவருடையதேதான். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

"பேப்பர் அக்செப்ட் ஆயிருச்சுலா டாக்டர். யாரும் செக் பண்ண மாட்டாங்க" என்றார் ஆய்வகப் பொறுப்பாளர் குகன். அவருக்கு ஹபீபாவின் விசாவைப் பற்றிய கவலை.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா குகன்? இத நம்பி நாளைக்கு எவனாவது மருந்து தேடுவான்."

அன்று மதியமே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் போய்விட்டது. வேலை என்னவாகும் என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்தக் கடிதம் எழுதியது பெரிதாகத் தோன்றவில்லை அவருக்கு. அடுத்த சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலில்தான், சொல்லவேண்டியதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்.

நல்லம்மாள் வீட்டுக் கூடத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். ஹபீபா சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார்.

"அப்ப என்னோடது?"

"செத்துப்போச்சுக்கா. மொத மாசமே. என் கைத்தப்பு."

"மூணு வருஷமா நல்லா இருக்குன்னு சொன்னியே."

"ஆமாக்கா."

நல்லம்மாள் எழுந்துபோய்க் கை கழுவினார். நாற்காலியை இழுத்துப்போட்டு ஜன்னல் வெளிச்சத்தில், ஹபீபாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சரி விடு. இன்னொரு வாட்டி எடுத்துக்க."

தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார். தையல் இழுத்த கன்னம் பாதிக்குமேல் திறக்கவில்லை. எடுக்க அங்கே ஒன்றுமில்லை. நோய் போய் ஆறிய வாய். அதைச் சொல்ல ஹபீபாவுக்கு மனம் வரவில்லை. எழுந்து, நல்லம்மாளின் மோவாயைத் தாங்கிப் பிடித்து, குனிந்து உள்ளே பார்த்தார்.