ஒரு வரிகூட எழுதாதவளின் மதிப்பெண்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்த அம்மா பன்னிரண்டு வருடமாக விரிவுரையாளர். குழுவாகப் பாடத்திட்டம் எழுதச் சொன்னால், ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிடுவார். யார் உழைத்தார், யார் ஓசியில் சவாரி செய்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வருடம் மாணவர்கள் இணையத்தில் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதினார்கள். யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்பதைக் கணினி குறித்து வைத்திருந்தது. காலையில் திருத்த உட்கார்ந்தவர் நான்காவது குழுவில் நின்றுவிட்டார். பின்னம் கற்பிக்கும் பாடம், படு பிரமாதம். ஆனால் அந்தக் குழுவில் எல்லோரும் தையலக்கா என்று கூப்பிடுபவள் எழுதியது ஒரு வரிகூட இல்லை. தையல் கடையை மூடிவிட்டு முப்பத்தெட்டு வயதில் படிக்க வந்தவள் அவள்.

பூஜ்ஜியம் போடப் போனவர், எதற்கும் பார்ப்போமே என்று பக்கத்தின் ஓரத்தில் மாணவர்கள் தங்களுக்குள் எழுதி மூடிவைத்திருந்த குறிப்புகளைத் திறந்தார்.

"அரை பெருசா, கால் பெருசான்னு கேட்டா, ரெண்டைவிட நாலு பெருசு, அதனால கால்தான்னு குழந்தை சொல்லுமே. அப்ப என்ன செய்யறது?"

கேட்டவள் தையலக்கா. அதற்குப் பிறகுதான் மற்ற நால்வரும் பழையதை அடித்துவிட்டு, காகிதத்தை மடித்துப் பார்க்கும் பயிற்சியை எழுதியிருந்தார்கள். இன்னொரு கேள்வி, இன்னொரு திருத்தம். மொத்தம் இருபத்தாறு கேள்விகள்!

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்கு ஓடினார்.

"சார், இத்தனை வருஷமா கண்ணைக் கட்டிக்கிட்டு மார்க் போட்டிருக்கேன் சார்!"

"மூச்சு விட்டுட்டுப் பேசுங்கம்மா. கேள்வி கேட்டதுக்கு மார்க் போட நம்ம படிவத்துல கட்டமே இல்லையே?"

"கட்டம்தானே? போட்டுட்டாப் போச்சு!"

நின்றபடியே மடிக்கணினியில் இருந்த படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்தார். தலைவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "அப்ப எல்லாக் குழுவையும் திரும்பப் பார்க்கணும், தெரியுமில்ல?"

"இன்னைக்கே ஆரம்பிக்கறேன் சார்!"

மதியம் தையலக்காவைக் கூப்பிட்டார். பயந்துகொண்டே வந்தாள்.

"நீ ஏம்மா பாடத்துல எதுவும் எழுதல?"

"எனக்கு வேகமா டைப் அடிக்க வராது மேடம். நான் ஒரு வரி அடிக்கறதுக்குள்ள அதுங்க ஒரு பக்கம் முடிச்சிடுதுங்க. சும்மா இருக்க வெட்கமா இருந்துச்சு, சந்தேகம் கேட்டேன். தப்பா மேடம்?"

"தப்பா? இருபதுக்குப் பத்தொன்பது!"

அவள் நம்பாமல் விழித்தாள். வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த நால்வரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.