மூடாமல் விட்ட கிணறு

போன வாரம் மதுரையில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்பில் கலக்கக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரின் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் கையில் பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்குக் காபி தாமதமானதற்கு அதுதான் காரணம். வீட்டில் சொன்னால் நம்ப வேண்டுமே!

ராமநாதபுரத்தில் எங்கள் தெருக்கிணற்றுக்குச் சுண்ணாம்பு பூசிய நாளில் வந்த வாசம் அது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். அந்தக் கிணறு மட்டும் இனிக்கும். கடல்கல்லை அறுத்துக் கட்டிய சுவரில் கயிறு உரசி உரசி வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கும். நான் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நகராட்சியில் கிணற்றை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. உடனே எனக்குள் ஒரு தலைவன் எழுந்துவிட்டான். 'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன்.

இடியாப்பம் விற்கும் செய்தூன் லாத்தா மட்டும் அதை வாங்கவில்லை. லாத்தா என்றால் அக்கா. உடைந்த சாக்கடை கிணற்றுக்குள் கசிந்திருந்தது தெரியாமல் அந்தத் தண்ணீரைக் குடித்த அவர் மகள், மஞ்சள்காமாலையில் கிடந்து அப்போதுதான் தேறியிருந்தாள்.

"ஒனக்குக் கல்லு பெருசு தம்பி. எனக்கு எம்புள்ள பெருசு. மூடட்டும்."

"சாக்கடையச் சரி பண்ணிட்டா?" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"பண்ணிட்டு வா. அப்பறம் பேசுவம்."

வேறு வழியில்லாமல் நாலைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கினோம். பாம்பனிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த அந்தோணி அண்ணன் நான் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏலே, அது மம்பட்டி, பேனா இல்ல. அங்கன தள்ளி நில்லு" என்று பிடுங்கிக்கொண்டார். சாக்கடைக்குப் புதுக் குழாய் பதித்தோம். கிணற்றை இறைத்துத் தூர் வாரி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசினோம். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, கிணற்றை மூட மண் லாரி வந்துவிட்டது.

இடியாப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு லாரிக்கு முன்னால் போய் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? செய்தூன் லாத்தாதான்.

"தண்ணி கெட்டதுன்னு வந்தா நானே மண்ணள்ளிப் போடுறேன். அதுவரைக்கும் ஒருபிடி விழக்கூடாது. வண்டிய எடுங்க."

லாரி போய்விட்டது. தண்ணீர் நல்லது என்று முடிவு வந்ததும் முதல் வாளியை அவரே இறைத்தார். முதலில் தான் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மகளிடம் செம்பை நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் சுண்ணாம்புத் தூசி என்று எல்லாரிடமும் சொன்னேன்.

கிணறு இன்றும் இருக்கிறது, கம்பி வலை போட்டு, சுற்றிலும் செடி வைத்து. ஊருக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். முன்பெல்லாம் விடிந்தால் அங்கே சண்டைதான்: யார் குடம் முந்தி, யார் கயிற்றை யார் எடுத்தது என்று. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியவரும். இப்போது வீட்டுக்கு வீடு குழாய். சண்டை போட ஒருவரும் வெளியே வருவதில்லை.