மாமாவின் நம்பருக்கு வந்த ஓடிபி

“இந்த நம்பருக்கு மெசேஜ் வந்தா உனக்கு எப்படித் தெரியும்?”

என் ஐடிஐ விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே நிலோஃபர் அக்கா கேட்டார்.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறார். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒற்றை ஆளாகப் பார்ப்பார். பள்ளி முடித்தவர்கள் வந்து நின்றால், என்ன படிக்கப் போகிறாய் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நம்பரைப் பற்றித்தான் கேட்பார்.

நான் சாய்ப்ரியா. ஊர் காரமடை. பிளஸ் டூ முடித்த இரண்டு மாதத்தில் ஒரு ஜவுளிக்கடை, ஒரு பேக்கரி என்று இரண்டு வேலையை விட்டிருந்தேன். ஒரே இடத்தில் நிற்பது எனக்கு ஆகாது. எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. விண்ணப்பத்தை எங்கள் ஊரிலேயே ஒரு கடையில் போட்டோம். போன் நம்பர் கேட்டபோது அம்மா, ரவிக்குமார் மாமாவின் நம்பரைச் சொன்னார். எங்கள் வீட்டில் பெண்ணின் நம்பரை வெளியே கொடுப்பதில்லை. கேஸ் சிலிண்டர் முதல் ரேஷன் கார்டு வரை மாமாவின் நம்பர்தான்.

மாமா போத்தனூரில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சீட் கிடைத்த மெசேஜ் அவருக்குப் போய், லோன் வேண்டுமா என்று வரும் மெசேஜ்களோடு சேர்ந்துவிட்டது. கூடப் படித்த ரித்திகாவுக்கு சீட் வந்ததைக் கேள்விப்பட்ட பிறகுதான் நான் அக்காவின் கடைக்கு வந்தேன். எனக்கும் வந்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அப்போது மணி மூன்று இருபது.

உறுதி செய்ய ஓடிபி வேண்டும். அதுவும் மாமாவுக்குத்தான் போனது. கூப்பிட்டேன்.

“மாமா, இப்ப உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க.”

“வந்துச்சு அம்மணி. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதே.”

“நாந்தானுங்க மாமா கேக்கறேன், சாய்ப்ரியா.”

“அப்படித்தான் பேசுவாங்களாமா. போன மாசம் பக்கத்துப் பட்டறை செங்கோட்டையன்கிட்ட அவன் மச்சான் குரல்லயே பேசிப் பணத்தப் புடுங்கிப்போட்டானுங்க.”

அக்கா போனை வாங்கினார். “ஏனுங்ண்ணா, ஜெராக்ஸ் கடையிலிருந்து பேசறேனுங்க. பொண்ணுக்கு ஐடிஐ சீட்டு—”

“ஓ, கூட்டாளி வேறயா,” என்று மாமா வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஓடிபியின் நேரமும் முடிந்தது.

அக்கா கடையில் காத்திருந்த இருவரிடம் நாளைக்கு வரச் சொன்னார். ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். போத்தனூர் நகரத்துக்கு அந்தப் பக்கம். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சிக்னலில் நின்றபோது, எதற்காக இவ்வளவு செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

எட்டு வருடத்துக்கு முன் அவருக்கு நர்சிங் சீட் கிடைத்ததாம். விண்ணப்பத்தில் இருந்தது அவருடைய பெரியப்பாவின் நம்பர். பெரியப்பா மெசேஜைப் பார்த்தபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. அப்புறம் மூன்று வருடம் ஸ்பின்னிங் மில், அதற்குப் பிறகு இந்தக் கடை.

“கோவம் வரலீங்களாக்கா?”

“யாரு மேல? அவரு கண்ணாடி போடாம டைம் கூடப் பாக்க மாட்டாரு.” பச்சை விழுந்தது. அவர் வண்டியை முறுக்கினார்.

பட்டறைக்குள் நுழைந்தபோது நான்கு முப்பத்தெட்டு. மாமா தாமிரக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நெசமாவே நீதானா?”

“நாந்தானுங்க மாமா.”

அக்கா தன் போனில் மறுபடியும் ஓடிபி கேட்டார். மாமாவின் போன் ஒலித்தது. அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “வாயில சொல்ல மாட்டேன். உங்க போனக் குடுங்க, நானே அடிச்சுத் தாரேன்.”

கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு எண்ணாக, யாருக்கும் தெரியாதபடி அடித்தார். ஒரு எண் தவறிவிட்டது. மறுபடி கேட்டோம், மறுபடி அடித்தார். நான்கு நாற்பத்தொன்பதுக்கு சீட் உறுதியானது.

“அண்ணா, இனிமே இந்தப் பொண்ணு நம்பரையே போட்டுக்கலாமுங்களா?” என்று அக்கா கேட்டார்.

மாமா கொஞ்ச நேரம் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். “அதுக்கும் ஒரு ஓடிபி வருமுங்களா?”

“வருமுங்க.”

“அப்பச் சீக்கிரம் போடுங்க. எனக்கு வேலை கெடக்குது.” அதையும் அவரே அடித்தார். அம்மாவிடம் சொன்னபோது அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடையைப் பூட்டிவிட்டுப் போனதற்காக முதலாளி அக்காவைத் திட்டினார் என்று பிறகு தெரிந்தது. நான் இப்போது முதல் வருடம் படிக்கிறேன். ஐடிஐயிலிருந்து வரும் மெசேஜ் எல்லாம் என் போனுக்கு வருகிறது.

எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, “எம்பேரெல்லாம் வேண்டாம்” என்றார் அக்கா. அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை, பெயரோடுதான் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த வருடம் பள்ளி முடிக்கிற பெண் இருந்தால், அவள் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அவளுடைய அம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னால் நல்லது.