பாதியில் திரும்பிய குகை

கடலடிக் குகைக்குள் முக்குளிக்கும்போது விளக்கு அணைந்தாலும் வெளியேற வேண்டும் என்பதற்காக, செம்பூர் நீச்சல்குளத்தில் கண்ணைக் கட்டி, கயிற்றைப் பிடித்து நீந்தப் பழகினோம். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் என் பழைய மேலதிகாரி. அப்பா இறந்த அன்று, "ஆடிட் முடியட்டும் ஓய்" என்று எனக்கு லீவு மறுத்தவர். நான் மாட்டுங்காவிலிருந்து பாலக்காடு போய்ச் சேர்ந்தபோது தம்பி கொள்ளி வைத்து முடித்திருந்தான்.

கடற்குகைக்குள் இறங்கும் நாள் வந்தது. குகையின் கோடியில் வெயில் விழும் இடத்தைப் படமெடுத்து, தாணேயிலுள்ள பேத்திக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. தூரத்தில் வெயில் தெரிந்ததும் காமிராவைத் தூக்கினார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். ஜோடியில் ஒருவர் அப்படிக் காட்டினால் இருவரும் உடனே வெளியேற வேண்டும். அங்கே அதைவிடப் பெரிய விதி கிடையாது. அவர் தண்ணீருக்குள்ளேயே கைகூப்பினார். நான் விரலை இறக்கவில்லை.

கரையேறியதும் கத்தினார். "இன்னும் பத்தடிதான் ஓய்! உமக்கு என்ன கேடு வந்தது?"

"வெரல் காட்டுனவர்கிட்ட காரணம் கேக்கக் கூடாது சார்," என்றார் எங்கள் தாராவிக்காரப் பயிற்சியாளர். "இனி எறங்கவும் முடியாது. அலை ஏறுது, காலைல நமக்கு ரயிலு."

நான் முகமூடியை நிதானமாக அலசினேன். மூச்சு நன்றாகவே வந்துகொண்டிருந்தது.