வாசல் சட்டிக் கோவா

தொண்ணூறுகளின் நடுவில், அஜின்கோர்ட்டில் நாங்கள் குடிபோன நிலக்கீழ் பேஸ்மன்ற்றில் முதல் மாதம் வெறும் வெள்ளோட்டம்தான். மேலே இருந்த வெள்ளைக்கார வீட்டுக்காரம்மா, ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அதற்கு முன் மூன்று இடங்களில், இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றதுமே கதவைச் சாத்திவிட்டார்கள். அதனால் நான் அடிமேல் அடி வைத்துத்தான் நடமாடினேன்.

செப்டெம்பர் கடைசியில் அவருக்கு முழங்கால் வலி. வாசலில் இருந்த இரண்டு பெரிய சட்டிகளிலும் கோடைப் பூக்கள் காய்ந்து நின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் வாங்கி வைத்திருக்கும் கன்றுகளை நட்டுவிட முடியுமா என்று என்னிடம் கேட்டார். நல்ல பெயர் எடுக்க இதைவிட என்ன வேண்டும்?

பின்பக்கத்தில் மஞ்சள் செவ்வந்தி இரண்டும், சுருள் சுருளாய் ஊதா நிறக் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், நாலும் இருந்தன. செவ்வந்தியைச் சட்டிகளில் நட்டேன். கோவா எங்களுக்கு அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டேன். யாராவது கோவாவை வாசலில் நடுவார்களா? தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தேன். கொஞ்சம் கசந்தது. ஆனாலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

பின்னேரம் வீட்டுக்காரம்மா வந்து கோவா எங்கே என்றார். சமைத்துவிட்டோம் என்றேன். பனி கொட்டும்வரை வாசலுக்கு நிறம் தரத்தான் அவற்றை வாங்கியதாகச் சொல்லிவிட்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போனார்.

"உமக்கு இலையைக் கண்டால் வறைதான். இனி எங்கை போறது?" என்றார் கணவர்.

"நீங்களும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித்தானே சாப்பிட்டனீங்கள்!"

கணவர்மேல் ஆத்திரம், என்மேல் அதைவிட ஆத்திரம். அழுகையும் வந்தது.

மறுநாள் பூக்கன்றுக் கடைகளில் அந்தக் கோவா முடிந்திருந்தது. "கொஞ்சம் பொறும்" என்று மரக்கறிக் கடைக்குள் போன கணவர், உருண்டையாய் நாலு ஊதாக் கோவாவோடு வந்தார். வேர் இல்லை. செவ்வந்தியைச் சுற்றி மண்ணில் அழுத்தி வைத்தோம். நிமிர்ந்தால், வீட்டுக்காரம்மா கதவடியில் நிற்கிறார். ஊன்றுதடியால் ஒரு கோவாவைத் தட்டினார். அது உருண்டு படிகளில் இறங்கி ஓடியது. அவர் சிரித்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்தபடி என்னிடம் ஏதோ சொன்னார்.

கணவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. "என்னவாம்? வீட்டை விட்டு எப்ப எழும்பட்டாம்?"

"வாற மே மாசம் கோடைப் பூ நடேக்கை, எது நடுறது, எது தின்னுறது எண்டு எழுதி ஒட்டி விடுவாவாம்."

"மே மாசமோ?" என்றவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.