வெட்டக் கூடாத பேச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அதிலும், யாரும் கேட்காமலே உதவி செய்கிற ரகம்.

மலேசியாவில் சித்தியவான் பக்கத்துத் தோட்டக் கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒலிபெருக்கி வைப்பது என் தொழில். பாட்டுப் போட்டி என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். பாட்டுக்கு முன்னால் வசனம் வந்தால் வெட்டிவிடுவேன். பழகிப்போய், கை தானாகவே வெட்டும்.

மகளுக்கு ஈப்போவில் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு. இத்தாலிய ஓபரா பாட வேண்டும். பின்னணிப் பியானோவை அவளுடைய ஆசிரியை பதிவு செய்து கொடுத்திருந்தார்; தேர்வறையில் அதைப் போடுவது என் வேலை. முதல் ஒரு நிமிடம் அந்தப் பியானோ எப்போதாவது ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா கிடந்தது. வெட்டினேன்.

தேர்வறைக்கு வெளியே, அவளுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் இருக்கும்போது, இதைப் பெருமையாகச் சொன்னேன்.

“அலாமாக்! அதுதான்பா ரெசிட்டேட்டிவ்! அதுக்கும் மார்க் இருக்கு!”

“நீ வீட்டுல பாடுறப்ப பேசுற மாதிரிதானேம்மா இருந்துச்சு?”

“பேசுற மாதிரிதான் இருக்கும்! காதலன் விட்டுட்டுப் போயிட்டான்னு அதுலதான் கதாநாயகிக்குத் தெரியுது. அப்புறம்தான் ஆரியா, பாட்டு. அதுல கதை நின்னுடும், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுவா. பேச்ச வெட்டிட்டா எதுக்குப்பா அழுவுறா?”

முழுப் பதிவு சித்தியவானில், வீட்டுக் கணினியில் இருந்தது. கதவு திறந்தது.

“பியானோ இல்லாமலே பேச்சப் பாடிடுறேன். முடிஞ்சதும் பொத்தானைத் தட்டுங்க. முன்னாடி தட்டுனீங்க, ஹாபிஸ்லா, எல்லாம் போச்சு.”

எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொல் பீட்சா ஒன்றுதான்.

உள்ளே மூன்று நடுவர்கள். அவள் தொடங்கினாள். சொற்கள் ஓடின, நின்றன, யாரையோ கேட்டன, மறுபடி ஓடின. காலால் தாளம் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவள் நிறுத்தினாள். என் விரல் பொத்தான் மேல் இறங்கியது. நல்லவேளை, அதற்குள் மறுபடி தொடங்கிவிட்டாள். வியர்வையில் விரல் வழுக்கியது.

மறுபடி நிறுத்தினாள். இந்த முறை நீளம். ஒரு நடுவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்போதா? மகளின் தோள் இன்னும் விறைப்பாகவே இருந்தது, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவளைப் போல. நான் தட்டவில்லை.

பிறகு தாழ்ந்த குரலில் இரண்டே சொல். தோள் இறங்கியது. இனிக் கேட்க எதுவும் இல்லை என்று இந்தப் பீட்சாக்காரனுக்கே புரிந்தது.

தட்டினேன்.

பியானோ எழுந்தது. என் கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே வரியை அவள் நான்கு முறை பாடினாள். நான்கு முறையும் என் கை எதையும் வெட்ட நினைக்கவில்லை.

மாலையில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. காரில் ஏறியதும் எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

“பாத்தியா, கரெக்டா தட்டுனேன்ல? கல்லூரியில அடுத்த கச்சேரிக்கும் அப்பாவே வாரேன்.”

“அம்மா வரட்டும்.”